நான்கு மஞ்சப்பையும் ஒரு பூட்டும்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு வீட்டில் இருந்தவர்கள்:

அப்பா, அருள்தாஸ். லாரியில் பூண்டு மூட்டை ஏற்றுகிறார்.
அம்மா, இராசாத்தி. கேரட் தோட்டத்துக்குப் போகிறார்.
நான், விஜயராணி. ஆறாம் வகுப்பு.
தம்பி, குமார். ஒன்றாம் வகுப்பு.
கோழி, மூன்று.
வேலுசாமி மாமா. பக்கத்து வீடு. தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் மட்டும்.

விஜயராணி எழுதி முடித்ததும் குமார் நோட்டை எட்டிப் பார்த்தான். அவன் எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். ஆனால் 'கோழி' மட்டும் உடனே தெரிந்துவிட்டது.

"அக்கா, சேவலையும் எழுது."

"மூணுல ஒண்ணு சேவல்தான்டா."

"அதுக்குக் கோவம் வரும். தனியா எழுது."

வேலுசாமி மாமா டம்ளரை ஊதிக்கொண்டே தன் பெயரைத் தேடினார். அவர் டீ என்று சொல்ல மாட்டார். சிலோனில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். ஏழு வயதில் கப்பலேறி இந்தப் பக்கம் வந்தும் தேத்தண்ணி என்ற சொல்லை விடவில்லை.

"ஏ புள்ள, அது என்ன தேத்தண்ணி நேரத்துல மட்டும்? மத்த நேரமெல்லாம் நான் எங்க போறேனாம்?"

"உங்க வீட்டுல இருக்கீங்க."

"எங்க இருக்கேன்? இங்கனதான கெடக்கேன்."

"ராத்திரிச் சாப்பாட்டையும் சேத்து எழுதுடி" என்று அடுப்படியிலிருந்து அம்மா சொன்னார். "அண்ணன் அதுக்கும் ஆஜர்."

இது வீட்டுப்பாடம். சண்முகப்பிரியா டீச்சர் கொடுத்தது. மழைக்காலம் வரப்போகிறது. அவர்களுடைய காலனி கொடைக்கானல் மலையில் வடகவுஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு சரிவில் இருக்கிறது. சிலோனிலிருந்து வந்தவர்களுக்காகக் கட்டிய இருபத்திரண்டு வீடுகள். வீடுகளுக்கு மேலே ரோடு. ரோட்டுக்கு மேலே மண். மண்ணுக்கு மேலே பாறை.

"திடீர்னு வீட்டை விட்டுக் கிளம்பணும்னா என்ன எடுப்பீங்க? அப்பப் போய்த் தேடக் கூடாது. இப்பவே எடுத்து வைங்க" என்று டீச்சர் சொல்லியிருந்தார். முதலில், வீட்டில் யார் யார் என்று எழுத வேண்டும். இரண்டாவது, ஒரு பெட்டி கட்ட வேண்டும்.

பெட்டி கட்டுவது சுலபமாக இருந்தது. அப்பாவின் பழைய தகரப் பெட்டி கிடைத்தது. டார்ச், நான்கு பேட்டரி, மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, பிஸ்கட் ஆறு பாக்கெட், கயிறு, காய்ச்சல் மாத்திரை எல்லாம் உள்ளே போயின.

பேப்பர்கள்தான் சிக்கல். மலையில் எல்லாவற்றிலும் ஈரம் ஏறும். உப்பு தண்ணீராகிவிடும். நோட்டு வளைந்துவிடும். அதனால் வீட்டுப் பத்திரம், ஆதார் அட்டை, ரேஷன் கார்டு எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடுவது அம்மாவின் வழக்கம். ஈரம் அண்டவில்லை. புகை அண்டியது. ரேஷன் கடைக்காரர் கார்டை வாங்கும்போதெல்லாம், "என்னம்மா, இன்னிக்குக் கருவாடா?" என்பார்.

"பேப்பர் அங்கயே தொங்கட்டும்" என்றார் அம்மா. "கெளம்புறப்ப வெட்டி எடுத்துக்கலாம்."

விஜயராணி பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். வேலை முடிந்தது என்று நினைத்தாள்.

முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் மேட்ச். ரிமோட்டில் பேட்டரி தீர்ந்துபோனது. அப்பா பெட்டியைத் திறந்து இரண்டு பேட்டரியை எடுத்தார். "மேட்ச் முடிஞ்சதும் வச்சிருவேன்" என்றார். மேட்ச் முடிந்தது. அடுத்த மேட்ச் தொடங்கிவிட்டது.

திங்கட்கிழமை கரண்ட் போனது. அம்மா மெழுகுவர்த்தியை எடுத்தார். மெழுகுவர்த்தியைப் பற்ற வைக்கத் தீப்பெட்டியையும் எடுத்தார்.

புதன்கிழமை வேலுசாமி மாமா விறகு கட்ட வேண்டும் என்று கயிற்றைக் கேட்டார். கேட்டார் என்று சொல்ல முடியாது. விறகோடு அந்தக் கயிறும் வந்தபோதுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது.

பிஸ்கட் என்ன ஆனது என்பதை யாரும் பார்க்கவில்லை. குமார் மட்டும் மூன்று நாட்களாக இரவில் பசியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமை விஜயராணி பெட்டியைத் திறந்தாள். உள்ளே டார்ச்சும் காய்ச்சல் மாத்திரையும் இருந்தன. டார்ச் எரியவில்லை.

"நிலச்சரிவு வந்தா நாம இருட்டுல உக்காந்து மாத்திரை சாப்பிடலாம்" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்த்தார்கள்.

அப்பாவுக்கு வெட்கமாகிவிட்டது. அந்த வாரம் கொடைக்கானல் சந்தைக்குப் போனவர் புதுப் பேட்டரி, புது மெழுகுவர்த்தி, புது பிஸ்கட் எல்லாம் வாங்கி வந்தார். கூடவே ஒரு பித்தளைப் பூட்டும் வாங்கி வந்தார். இரண்டு சாவி.

"இனிமே எவன் தொடுறான்னு பாப்போம்" என்று பெட்டியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வேலுசாமி மாமா பூட்டைத் தொடக்கூட இல்லை. "பூட்டு நல்லதில்ல அருள்தாசு" என்று மட்டும் சொன்னார்.

மாமா வீட்டில் பூட்டே கிடையாது. நீலக் கதவு. இரவும் பகலும் திறந்துதான் கிடக்கும். காற்றில் அடிக்காமல் இருக்க ஒரு கல்லை முட்டுக் கொடுத்திருப்பார். வீட்டை விட்டு வெளியே தங்கவும் மாட்டார். கன்னிவாடியில் அவருடைய அக்கா பொன்னுத்தாய் இருக்கிறார். அக்கா மகள் கல்யாணத்துக்கே மாமா காலையில் போய், சாப்பிட்டு, கடைசி பஸ்ஸில் திரும்பிவிட்டார். அக்கா இன்னும் போனில் திட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

அடுத்த சனிக்கிழமை பள்ளியில் ஒத்திகை. மணி அடித்ததும் பிள்ளைகள் வீட்டுக்கு ஓட வேண்டும். இருபது நிமிடத்துக்குள் பெட்டியோடு பள்ளிக்குத் திரும்ப வேண்டும். பள்ளி கொஞ்சம் தள்ளி, காலனியைப் பார்த்தபடி, பாறைத் தரையில் இருக்கிறது. அங்கே மண் சரியாது.

விஜயராணி முதலாவதாக வந்தாள். மூச்சு வாங்கியது. பெட்டியை டீச்சர் முன்னால் வைத்தாள்.

"சபாஷ்! தெற பாப்போம்."

"பூட்டியிருக்கு டீச்சர்."

"சாவி?"

"அப்பா சட்டைப் பையில."

"அப்பா?"

"கன்னிவாடியில. லோடு இறக்கப் போயிருக்காரு."

"ரெண்டாவது சாவி இருக்கும்ல?"

விஜயராணி தரையைப் பார்த்தாள். "பத்திரமா இருக்கட்டும்னு அப்பா அதைப் பெட்டிக்குள்ள வச்சுட்டாரு."

வகுப்பே சிரித்தது. டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் மட்டும் குலுங்கியது.

அன்று மாலை அப்பா திரும்பி வந்து பெட்டியைத் திறந்ததும் விஜயராணி வெளியே வந்தாள். வாசற்படியில் உட்கார்ந்து யோசித்தாள்.

பெட்டி திறந்திருந்தால் எல்லாரும் எடுக்கிறார்கள். பூட்டினால் யாரும் எடுக்க முடியவில்லை. இரண்டுமே சரியில்லை. யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு பொருளைப் பார்த்தால் கை சும்மா இருப்பதில்லை. அவ்வளவுதான்.

அப்பாவுக்குப் பேட்டரி. அம்மாவுக்குத் தீப்பெட்டி. மாமாவுக்குக் கயிறு. குமாருக்குப் பிஸ்கட்.

அவள் எழுந்து உள்ளே போனாள். ஜவுளிக் கடையில் கொடுத்த நான்கு மஞ்சப்பைகளைத் தேடி எடுத்தாள். எல்லாரையும் உட்கார வைத்தாள். மாமாவும் வந்தார். தேத்தண்ணி நேரம்தான்.

"அப்பா, பிஸ்கட் உங்க பொறுப்பு."

"எனக்கு இனிப்பே ஆகாதேம்மா."

"அதனாலதான்."

அப்பா பையை வாங்கிக்கொண்டார்.

"அம்மா, டார்ச்சும் பேட்டரியும் உங்களுக்கு. நீங்க கிரிக்கெட் பாக்க மாட்டீங்க."

"அந்தக் கருமத்த யாரு பாப்பா?"

"குமாரு, கயிறு உனக்கு."

"கயித்தத் திங்க முடியாதே!" என்றான் குமார். பிஸ்கட் ரகசியம் அப்போது வெளியே வந்துவிட்டது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"மாமா, மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் உங்களுக்கு. உங்க அடுப்புல எப்பவும் கங்கு கெடக்கும். நீங்க பீடியும் குடிக்க மாட்டீங்க."

"நான் இந்த வீட்டு ஆளே இல்லையே? தேத்தண்ணி நேரம் மட்டும்னு எழுதினவதான நீ?"

"அது கோழிக்குக் கீழ எழுதின எடம். இப்ப மஞ்சப்பை குடுத்திருக்கேன்ல?"

மாமா பையை வாங்கிக்கொண்டார். போகும்போது அதைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார். ஏதோ பெரிய வேலை கிடைத்தது மாதிரி நடந்தார்.

அவரவர் பை அவரவர் ஆணியில் தொங்கியது. தகரப் பெட்டியில் மாத்திரையும் தண்ணீர் பாட்டிலும் மட்டும் இருந்தன. பூட்டுக்கு வேலை இல்லாமல் போனது. விஜயராணி இரண்டு சாவியையும் நூலில் கட்டி, பூட்டோடு பெட்டிக்குள் போட்டு வைத்தாள்.

ஒரு மாதம் ஓடியது. எந்தப் பையிலும் எதுவும் குறையவில்லை. குமார் மட்டும் கயிற்றை எடுத்துக் கோழியின் காலைக் கட்டிப் பழகினான். பிறகு திரும்பப் பையில் வைத்துவிடுவான். சேவலுக்குத்தான் அது பிடிக்கவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். அப்பா புதன்கிழமை வெள்ளனே லாரியில் கன்னிவாடிக்குப் போனவர் திரும்பவில்லை. ரோட்டில் மரம் விழுந்து கிடந்தது. "நான் நல்லாத்தான் இருக்கேன், நீங்க சூதானம்" என்று போனில் சொன்னார். அதோடு சிக்னல் போய்விட்டது.

வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணி. மூட்டத்தில் எதிர்வீடே தெரியவில்லை. கிராம அலுவலர் குடையோடு காலனிக்குள் இறங்கி வந்தார். கையில் மைக்.

"மேல ரோட்டுல வெடிப்பு விட்டிருக்கு. எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போயிருங்க. வெரசா! மூணு மணிக்கு மேல ஒருத்தரும் இங்க இருக்கக் கூடாது!"

அம்மா ஒரு நிமிடம் அசையாமல் நின்றார். பிறகு அரிவாளை எடுத்து அடுப்புக்கு மேலே தொங்கிய பையை வெட்டினார். தன் ஆணியிலிருந்து ஒரு பை. அப்பாவின் ஆணியிலிருந்து ஒரு பை. விஜயராணி தகரப் பெட்டியைத் தூக்கினாள். குமார் மூன்று கோழிகளின் காலையும் கட்டிக் கூடையில் போட்டுவிட்டான். பழகியிருந்தது வீண் போகவில்லை.

மொத்தம் ஆறு நிமிடம். தேடியது ஒன்றே ஒன்றுதான். குமாரின் இடது கால் செருப்பு.

வாசலில் வேலுசாமி மாமா நின்றார். சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டிருந்தார். கையில் மஞ்சப்பை.

"இந்தா புள்ள. உன் தீப்பெட்டி. எண்ணிப் பாத்துக்கோ, ஒரு குச்சி கொறையாது."

"நீங்களே கொண்டாங்க மாமா. அது உங்க பொறுப்பு."

"நான் வரல."

அம்மா கூடையைக் கீழே வைத்தார். "என்னண்ணே, வெளையாடுற நேரமா இது?"

"நீங்க போங்கம்மா. நான் வீட்டப் பாத்துக்கிறேன். உங்க வீட்டையும் சேத்துப் பாத்துக்கிறேன்."

"மண்ணு வந்தா எந்த வீட்டப் பாப்பீங்க?"

மாமா பையை விஜயராணி கையில் திணித்தார். திரும்பித் தன் வீட்டுக்குள் போய்விட்டார். அவரை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது. நல்ல உயரம். நல்ல பிடிவாதம்.

"அம்மா, நான் கூட்டியாரேன்" என்றாள் விஜயராணி.

"ஏய், நேரமில்லடி."

"பக்கத்து வீடுதான. நூறு எண்ணுறதுக்குள்ள வந்துருவேன்."

அம்மா மேட்டைப் பார்த்தார். மூட்டத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை. "நூறு. அதுக்கு மேல ஒண்ணு ஆனாலும் நானே வந்து உன் காதப் பிடிச்சு இழுத்துட்டுப் போவேன். ஏலே குமாரு, எண்ணு. சத்தமா எண்ணு."

குமார் தொடங்கினான். "ஒண்ணு! ரெண்டு! மூணு!"

மாமா வீடு ஒரே அறை. அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அடுப்பில் கங்கு சிவந்திருந்தது. பின்சுவரின் அடியில் தண்ணீர் கசிந்து வந்தது. மழையில் அங்கே கசிவது வழக்கம்தான். ஆனால் எப்போதும் தெளிந்த தண்ணீர் வரும். இன்று செம்மண் கரைந்து குழம்பு மாதிரி வந்தது.

"மாமா, கலங்கல் தண்ணி வருது. மண்ணு அசையுதுன்னு அர்த்தம். டீச்சர் சொன்னாங்க."

"பாத்தேன்."

"பயமா இல்லையா?"

"இருக்கு."

"பதினாறு! பதினேழு!" என்று வெளியே சத்தம் கேட்டது.

விஜயராணி கட்டிலின் அருகே போனாள். சுவரில் ஆணியில் ஒரு பழைய சாவி தொங்கியது. துரு ஏறியது. சின்ன வயதிலிருந்தே அவள் அதைப் பார்த்திருக்கிறாள். பூட்டே இல்லாத வீட்டில் சாவி எதற்கு என்று பல முறை கேட்டிருக்கிறாள். "அது சும்மா" என்றுதான் பதில் வரும்.

"இது எந்த வீட்டுச் சாவி மாமா? இன்னிக்காவது சொல்லுங்க."

மாமா சாவியைப் பார்த்தார். "சிலோன்ல எங்க காம்பராச் சாவி. தோட்டத்துல வீட்ட அப்படித்தான் சொல்லுவோம். இதே மாதிரி ஒரே ரூம்பு. கப்பலுக்குக் கெளம்புற அன்னிக்கு எங்க அப்பா கதவப் பூட்டினாரு. என் பம்பரம் உள்ள இருக்குன்னு நான் அழுதேன். வந்து எடுத்துக்கலாம்டான்னாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? வரவே முடியல. அவரும் போய்ச் சேந்துட்டாரு. சாவி மட்டும் கெடக்கு." மாமா மூக்கை உறிஞ்சினார். "பூட்டிட்டுப் போனா திரும்ப வர மாட்டோம் புள்ள. எனக்குத் தெரியும். நீ ஓடு."

"இருபத்தி எட்டு! இருபத்தி ஒம்போது! இருபத்திப் பத்து!"

"முப்பதுடா!" என்று அம்மாவின் குரல் கேட்டது.

"மொதல்ல இருந்து எண்ணட்டுமா?"

"வேணாம்! மேல எண்ணு!"

விஜயராணிக்கு மாமாவின் நம்பிக்கை தப்பு என்று தோன்றியது. ஆனால் அதைச் சொல்லிப் புரியவைக்க ஒரு மணி நேரம் வேண்டும். எழுபது எண்தான் மிச்சம் இருந்தது. அவள் கதவைப் பார்த்தாள். திறந்து கிடந்தது. கல் முட்டுக் கொடுத்திருந்தது.

"மாமா, நீங்க இங்க இருந்து என்ன செய்வீங்க?"

"காவல் இருப்பேன்."

"எதுக்குக் காவல்?"

"கதவு தெறந்து கெடக்குல்ல?"

"அதான். பூட்டாத வீட்டுக்குத்தான் ஆள் காவல் இருக்கணும். பூட்டிட்டா பூட்டு பாத்துக்கும். நீங்க எங்க வேணா போயிட்டு வரலாம்."

மாமா திறந்து கிடந்த கதவைத் திரும்பிப் பார்த்தார்.

விஜயராணி தகரப் பெட்டியைக் கட்டிலில் வைத்துத் திறந்தாள். பூட்டை எடுத்தாள். நூலைப் பல்லால் கடித்தாள். சாவி இரண்டும் தனித்தனியாக விழுந்தன.

"உங்க அப்பாகிட்ட எத்தன சாவி இருந்துச்சு?"

"ஒண்ணு."

"இதுக்கு ரெண்டு. ஒண்ணு உங்ககிட்ட. ஒண்ணு என்கிட்ட. நீங்க மறந்தாலும் நான் வந்து தெறப்பேன்."

"ரெண்டாவது சாவிய பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டின குடும்பம்தான நீங்க?"

"அது அப்பா. நான் இல்ல."

மாமாவின் மீசை லேசாக அசைந்தது.

"ஐம்பத்தி ஏழு!"

"உங்க அப்பா கப்பலேறிப் போனாரு மாமா. நாம பள்ளிக்கூடத்துக்குப் போறோம். அங்க வராண்டாவுல நின்னா உங்க நீலக் கதவு நேராத் தெரியும்."

"இந்த மூட்டத்துல என்ன தெரியும்?"

"மூட்டம் விலகும்ல?"

மாமா எழுந்தார். ஆணியிலிருந்து பழைய சாவியை எடுத்தார். சட்டைப் பையில் போடப் போனவர் நின்றார். திரும்ப அதே ஆணியில் மாட்டினார்.

"இது இங்கயே கெடக்கட்டும்" என்றார். "வந்து எடுத்துக்கிறேன்."

கதவை மூடுவதுதான் பெரும்பாடாகிவிட்டது. முட்டுக் கல்லை எடுத்ததும் கதவு ஆடியது, ஆனால் சட்டத்தில் பொருந்தவில்லை. இத்தனை வருடம் திறந்தே கிடந்து ஈரத்தில் உப்பிப்போயிருந்தது. மாமா இழுத்தார். விஜயராணியும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சேர்ந்து இழுத்தாள். ஒரு விரல்கடை இடைவெளி போகவே இல்லை.

"எண்பத்தி எட்டு! எண்பத்தி ஒம்போது! எண்பத்திப் பத்து!"

"தள்ளுங்க ரெண்டு பேரும்" என்று அம்மா வந்தார். சேலையைச் சொருகிக்கொண்டு, கதவின் வளையத்தை இரண்டு கையாலும் பிடித்து, ஒரே இழு. கேரட் மூட்டையை இழுத்துப் பழகிய கை அது. கதவு 'டம்' என்று பொருந்தியது. விஜயராணி பூட்டைப் போட்டாள். சாவி ஒன்றை மாமாவிடம் கொடுத்தாள். மஞ்சப்பையையும் கொடுத்தாள்.

"நூறு!" என்று குமார் கத்தினான். கூடைக்குள் சேவலும் கத்தியது.

நான்கு பேரும் மூன்று கோழிகளும் படியேறினார்கள். மாமா ஏழு முறை திரும்பிப் பார்த்தார். விஜயராணி எண்ணினாள். ஏழாவது முறைக்குப் பிறகு மூட்டம் எல்லாவற்றையும் மறைத்துவிட்டது.

பள்ளியில் கரண்ட் இல்லை. தீப்பெட்டி நமத்துப்போனவர்களும், கொண்டு வர மறந்தவர்களும் இருந்தார்கள். மாமாவின் பையிலிருந்த தீப்பெட்டி முதல் உரசலிலேயே பற்றியது. "ஒரு மாசமா அடுப்புக்குப் பக்கத்துல வச்சுக் காத்த தீப்பெட்டி" என்று மாமா கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார். கேட்காதவர்களிடமும் சொன்னார்.

அந்த வியாழக்கிழமை அவர்கள் படுக்கும் முன்பே மேட்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இடி இல்லை. கல் லாரியைக் கவிழ்த்துக் கொட்டினால் வரும் சத்தம். நீண்ட நேரம் கொட்டியது. அம்மா விஜயராணியின் கையைப் பிடித்துக்கொண்டார். மாமா தன் சாவியைப் பிடித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை முழுக்க மூட்டம் விலகவில்லை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு விலகியது. எல்லாரும் வராண்டாவுக்கு ஓடினார்கள். ரோட்டின் ஒரு பக்கம் பிய்ந்து காலனியின் பின்புறம் இறங்கிக் கிடந்தது. வீடுகள் நின்றன. வேலுசாமி மாமாவின் நீலக் கதவும் தெரிந்தது. அதில் மஞ்சளாக ஒரு புள்ளி மின்னியது.

"பூட்டு" என்றார் மாமா.

ஐந்தாவது நாள் வீட்டுக்கு விட்டார்கள். அப்பாவும் கன்னிவாடியிலிருந்து பாதித் தூரம் நடந்தே வந்து சேர்ந்தார். பிஸ்கட் பை எங்கே என்றுதான் முதலில் கேட்டார். குமார் வேறு பக்கம் பார்த்தான்.

மாமா தன் சாவியைப் போட்டுத் திறந்தார். பின்சுவர் உடைந்து மண் உள்ளே வந்திருந்தது. கட்டிலைக் காணவில்லை. கட்டில் இருந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்குச் சேறு. மாமா வாசலில் நின்று அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சேற்றில் இறங்கி நடந்தார். பக்கச் சுவரில் ஆணி இருந்தது. ஆணியில் பழைய சாவியும் இருந்தது.

"எடுத்தாச்சு" என்று சொல்லிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "அருள்தாசு, மம்பட்டி இருக்கா?"

சேறு அள்ள நான்கு நாள் ஆனது. சுவர் எழுப்ப மூன்று வாரம் ஆனது. அதுவரை மாமா இவர்கள் வீட்டிலேயே தூங்கினார். அவர் குறட்டைக்குச் சேவல்கூட முன்னதாக எழுந்துவிட்டது.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை காலை மாமா புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். தோளில் மஞ்சப்பை.

"எங்க மாமா?"

"கன்னிவாடிக்கு. அக்கா வீட்டுல ரெண்டு நாள் சோலி இருக்கு."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "ரெண்டு நாளா? தங்கவா போறீங்க?"

"தங்கத்தான். கல்யாணத்துக்குத் தங்காததுக்கு இத்தன வருசமா ஏச்சு வாங்குறேன். போயி முழுசா வாங்கிட்டு வந்துர்றேன்." மாமா விஜயராணியைப் பார்த்தார். "உன் சாவி இருக்கா?"

விஜயராணி கழுத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்த சாவியை எடுத்துக் காட்டினாள்.

குமார் அக்காவின் நோட்டையும் பென்சிலையும் எடுத்து வந்தான். கோழிக்குக் கீழே இருந்த வரியைத் தேடி, அதன் பக்கத்தில் எழுத்துக் கூட்டி எழுதினான்: 'மாமா இல்ல. திங்கக்கெழம வருவாரு.'

மாமா அதைப் படித்துவிட்டுத் தலையாட்டினார். தன் வீட்டு வாசலுக்குப் போனார். உப்பியிருந்த கதவை அப்பா இழைத்துக் கொடுத்திருந்ததால் இப்போது ஒரே இழுப்பில் மூடியது. பூட்டைப் போட்டார். ஒரு முறை இழுத்துப் பார்த்தார். பிறகு பஸ்ஸுக்கு நடந்தார், ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் நீலக் கதவு பூட்டியபடி நின்றது.